ஒரு இலக்கத்தில் தப்பிய லொத்தர்

கொட்டகலை ராஜன்: சூதும் ஒரு நோய்தான் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சாராயம் என்றால் சரி, உடம்புக்குள் போகிறது. லொத்தர் சீட்டில் என்ன இருக்கிறது? வெறும் காகிதம். வேலைக்குப் போகாமல் ரேஸ் கடை வாசலில் நிற்கிறவனுக்கு நோயாளிப் பட்டம் கட்டாதீர்கள்.

மஸ்கெலியா மலர்: எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே கேட்கலாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் தன் மனநோய்க் கையேட்டில் சூதையும் மது, போதையோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்துவிட்டது. பரிசு ஒரு இலக்கத்தில் கைதப்பினாலும், வென்றால் விழிக்கும் அதே மூளைப்பகுதிகள் விழிக்கின்றன. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் என்ற ஆய்வாளரின் குழு 2009இல் மூளையை ஸ்கேன் எடுத்தே காட்டியது.

ராஜன்: ஒரு இலக்கத்தில் தப்பினால் எரிச்சல்தான் வரும். எனக்கே வந்திருக்கிறது.

மலர்: எரிச்சல் வரும், யார் இல்லை என்றது? படம் பொருந்தினால் பரிசு என்ற சூதை ஆடவைத்த அந்த ஆய்விலும் முழுத் தோல்வியைவிட அதைத்தான் வெறுத்தார்கள். ஆனால் படத்தைத் தாங்களே தெரிவு செய்த சுற்றுகளில், தப்பிய பிறகு இன்னும் ஆடும் ஆசை கூடியது. எங்கள் லயத்தில் ஒரு அண்ணன் சம்பள நாள் இரவு சீட்டை விளக்கடியில் பிடித்து, 7 வரவேண்டிய இடத்தில் வந்த 8ஐ விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பார். கழுத்தெல்லாம் வியர்வை. விடிந்ததும் பிள்ளையின் கொப்பிக் காசில் இன்னும் இரண்டு சீட்டு.

ஹட்டன்காரன்: அக்கா, ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரை ஓடும்போது எனக்கும்தான் நெஞ்சு படபடக்கிறது. நானும் நோயாளியா?

மலர்: படபடப்பே நோய் என்று நான் எங்கே சொன்னேன் தம்பி? தப்பிய இலக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ராஜன்: மறுபடியும் இலக்கம்! சம்பளப் பிரச்சினை பேசியபோதும் இப்படித்தான், கேட்டது ஒன்று, பதில் இன்னொன்று.

மலர்: அந்தப் பேச்சில் பாதியில் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல் மாத்திரை, மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற இரசாயனம் மாதிரி வேலை செய்வது. அதை எடுத்த சிலர், முன்பு சூதுப் பக்கமே போகாதவர்கள், சூதில் விழுந்தார்கள். மருந்தைக் குறைத்ததும் பலர் விட்டார்கள். சோம்பேறித்தனம் மாத்திரையிலா வந்தது?

ராஜன்: மாத்திரை உள்ளே போனது. நான் சொன்னதும் அதுதானே?

மலர்: சீட்டு எடுக்கிறவனுக்கு அந்த டோபமினை அவன் மூளையே சுரக்கிறது, வெளியிலிருந்து எதுவும் போகத் தேவையில்லை! எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் ஆளை விடாமல் பிடிக்கும்.

ஹட்டன்காரன்: அந்த அண்ணன் எந்தத் தோட்டம் அக்கா? எங்கள் டிவிஷன் ஆள் மாதிரி இருக்கிறதே.

மலர்: அதை மட்டும் கேட்காதே தம்பி.

ராஜன்: பேர் சொல்ல முடியாத சாட்சி! தப்பினால் எரிச்சல்தான் வரும், ஆசை வராது. எத்தனை ஸ்கேன் காட்டினாலும் இதைத்தான் சொல்வேன்.