முடிந்துபோன பற்றரிக்கு டேப் ஒட்டத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தை அண்ணை: "எந்தப் பற்றரியானாலும் முனையில் டேப் ஒட்டாமல் எறிகிறவன் ஊருக்கே நெருப்பு வைக்கிறான்" என்று எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப்பில் ஒரு மேதை எழுதியிருக்கிறார். ரிமோட்டில் போடும் 1.5 வோல்ற் அல்கலைன் பற்றரிக்கு எதற்கு டேப்? உள்ளே இருப்பது துத்தநாகமும் மங்கனீசும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி: அந்த மேதை நான்தான் அண்ணை. 9 வோல்ற் பற்றரியைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு முனையும் ஒரே பக்கம். என் லாச்சியில் ஒரு சேப்டி பின் இரண்டு முனையிலும் பட்டு, கை வைக்க முடியாத சூடு.

வெள்ளவத்தை அண்ணை: நான் கேட்டது 1.5. நீர் சொல்வது 9. கணக்குப் பாடத்தில் அன்றைக்கும் இதே கதைதான்.

தெஹிவளை அக்கா: டேப் சண்டை பிறகு. பழைய போன் பற்றரி, பவர் பேங்க், இதெல்லாம் லித்தியம். குப்பை லொறி அமுக்கும்போது நசுங்கினால் பற்றிக்கொள்ளும். அதைக் குப்பையில் போடவே கூடாது.

வெள்ளவத்தை அண்ணை: நான் போடச் சொன்னேனா? 1.5 வோல்றுக்கு டேப் எதற்கு என்றுதான் கேட்டேன்.

கொட்டாஞ்சேனைத் தம்பி: உங்கள் வீட்டு மைலோ டின்னுக்குள் முடிந்த பற்றரியெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததே? அது உள்ளிருந்து கசிந்த அல்கலிக் காரம், கையில் பட்டால் எரியும்.

வெள்ளவத்தை அண்ணை: கசிவுக்கும் டேப்புக்கும் என்ன சம்பந்தம்? தேத்தண்ணி குடிக்க வந்தவர் டின்னை ஏன் திறந்தீர்?

பம்பலப்பிட்டிவாசி: எல்லாக் குப்பையையும் கெரவலப்பிட்டி ஆலையில் எரித்து மின்சாரம் எடுக்கத்தானே போகிறது. எதற்குப் பிரித்துக்கொண்டு?

தெஹிவளை அக்கா: எரித்தால் உலோகம் ஆவியாகிப் போய்விடுமா? சாம்பலில்தான் கிடக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித்தான் 2017 சித்திரை வருடப்பிறப்பன்று மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 32 பேர் போனார்கள்.

பம்பலப்பிட்டிவாசி: அது பற்றரியாலா சரிந்தது? அதே வருடம் லஞ்ச் ஷீற்றை, அதுதான் சோறு சுற்றும் பிளாஸ்டிக் தாளை, தடை செய்தார்கள். நேற்றும் என் சோற்றுப் பார்சல் அதில்தான் வந்தது. குப்பை பிரிக்கச் சொல்கிற நீங்கள் யோகட் கப்பையும் கழுவிப் போடு என்கிறீர்கள், தண்ணீர் பில்லை யார் கட்டுவது?

தெஹிவளை அக்கா: பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு அலசு. அதற்குமா பில்?

வெள்ளவத்தை அண்ணை: யோகட்டுக்கு வேறு இடம் பாருங்கள். 1.5 வோல்ற். டேப். ஏன்? ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி: 9 வோல்ற்றுக்கு நீங்களும் பதில் சொல்லவில்லை.

வெள்ளவத்தை அண்ணை: அதற்கு ஒட்டும், யார் வேண்டாம் என்றது? நீர் எழுதியது "எந்தப் பற்றரியானாலும்". ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது.

பம்பலப்பிட்டிவாசி: யோகட் மூடியையும் அலச வேண்டுமா?