9 பார் லீஃப்: சாவகச்சேரி – யாழ்ப்பாணம் தினமும் ஓடச் சரிவருமா?

தென்மராட்சி ரீச்சர்:
வணக்கம். வீடு சாவகச்சேரி, படிப்பிப்பது யாழ்ப்பாணத்தில். போக 20, வர 20 கிலோமீற்றர். பின்னேரம் மகளைக் கொடிகாமத்துக்கு ரியூசனுக்கு ஏற்றி இறக்கினால் எல்லாமாக 58 வரும். 2014 நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 24 கிலோவாற்-மணி பற்றரி, அதன் மிச்சப் பலத்தைக் காட்டும் 12 பாரில் 9 பார் காட்டுகிறது. விற்கிறவர் ஒரு சார்ஜில் 120 கிலோமீற்றர் ஓடும் என்கிறார். அதே காசுக்குச் சின்னப் பெற்றோல் கார் ஒன்று பார்க்கலாம் என்பது என் கணவருடைய எண்ணம். அக்கா கிளிநொச்சியில் இருக்கிறா, மாதத்தில் ஒருதரமாவது அங்கே போவோம். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள், இதை நம்பி வாங்கலாமா?

நெல்லியடியான்:
ரீச்சர், நான் இதே 24 லீஃப்தான் ஓடுகிறேன். வடமராட்சியில் இருந்துகொண்டு டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். உங்களுக்கு இது சரிவரும். ஆனால் விற்கிறவர் சொல்லும் 120ஐ மறந்துவிடுங்கள்.

2014 மொடல் புத்தம் புதிதாக இருந்தபோதே அமெரிக்காவின் அரச சோதனையில் 135 கிலோமீற்றர்தான் கொடுத்தது. யப்பான் விளம்பரத்தில் வரும் 228 அவர்களுடைய சோதனை முறைக்குரியது, எங்கள் றோட்டுக்குரியது அல்ல. லீஃபில் முதல் பார் அணைவதற்கே 15 வீதம் குறைய வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொரு பாருக்கும் 6 வீதத்துக்குச் சற்று மேல். 9 பார் என்றால் ஏறக்குறைய 70 வீதம் மிச்சம். 135இல் 70 வீதம் 95. அதிலும் கடைசிப் பத்துப் பதினைந்தை, சார்ஜ் தீரப்போகிறது என்று காட்டும் ஆமைப் படம் வரும்வரை ஓட்டித் தீர்க்கக் கூடாது. ஆக 80 என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். உங்கள் 58 அதற்குள் அடங்குகிறது. வழியில் சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ திரும்பினாலும் சமாளிக்கலாம்.

குடாநாட்டை இந்தக் காருக்காகவே போட்டது போல இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை 35க்குள் வந்துவிடும். ஏற்றம் இறக்கம் கிடையாது, குளிரும் கிடையாது. குளிர்நாட்டுக்காரர் ஹீற்றருக்கே பற்றரியில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு ஏசி மட்டும்தான், அது தின்பது அவ்வளவு இல்லை. எங்களுக்குப் பிரச்சினை வெக்கை. இந்தப் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டலும் இல்லை, விசிறியும் இல்லை. அதனால்தான் 2015 அளவில் வரி குறைவாக இருந்தபோது யப்பானிலிருந்து நிறைய வந்து இறங்கிய கார்கள் இப்போது பார் கொட்டிப்போய் நிற்கின்றன.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு விஷயம். அந்த 9 பார் உண்மையான 9 பாரா? கணினிப் பதிவை அழித்துவிட்டால் பார் முழுக்கக் கூடிக் காட்டும், கொஞ்ச நாள் ஓடிய பிறகுதான் தன் பழைய நிலைக்கு இறங்கும். இதை நம்பி ஏமாந்த ஆட்கள் என் ஊரிலேயே இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கொடுக்கிறீர்கள், ஆகவே வாயால் சொல்வதை எடுக்காதீர்கள். காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவி ஒன்று செருகி, போனில் லீஃப் ஸ்பை என்ற செயலியைப் போட்டுப் பாருங்கள். எஸ்ஓஎச் என்ற இடத்தில் பற்றரியின் மிச்சப் பலம் எத்தனை வீதம் என்று தெரியும். அதோடு கீழே வரிசையாக 96 கோடுகள் வரும், அவைதான் பற்றரிக்குள் இருக்கும் செல் சோடிகள். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். சார்ஜ் 25 வீதத்துக்கு இறங்கியிருக்கும்போது இன்னொருவரை ஓட்டவிட்டு, ஒருக்கா நல்லாக அழுத்தச் சொல்லுங்கள். ஒரு கோடு மட்டும் மற்றவற்றை விட்டுத் திடீரென்று கீழே போனால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். பார் எத்தனை காட்டினாலும் சரி, வேண்டாம்.

கிளிநொச்சி ஹயர்காரன்:
அண்ணை சொல்வது குடாநாட்டுக்குள் இருக்கும்வரை சரி. ரீச்சர் கிளிநொச்சியையும் சொல்லியிருக்கிறா. சாவகச்சேரியிலிருந்து 48, போய்வர 96. இந்தப் பற்றரி ஒரே மூச்சில் அதைச் செய்யாது. வவுனியாவுக்கு ஒரு செத்தவீடு என்றால் என்ன செய்வீர்கள்? 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் நின்றதை மறந்துபோனோமா? வீட்டுக்கு ஒரே ஒரு வாகனம் என்றால் அது பெற்றோலாக இருப்பதுதான் புத்தி. இது என்னுடைய அபிப்பிராயம்.

நெல்லியடியான்:
தம்பி, அதே 2022இல் கியூஆர் காட்டினால் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல்தான் தந்தார்கள், அதையும் வரிசையில் நின்றுதான் வாங்கினோம். கறண்ட் விட்டுவிட்டு வந்தாலும் இந்தக் காருக்கு 3 கிலோவாற்றில் நாலு மணித்தியாலம் கிடைத்தால் அடுத்த நாள் ஓட்டத்துக்குக் காணும்.

கிளிநொச்சியைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். அக்கா வீட்டில் இந்தக் காரின் சார்ஜைத் தாங்கும் தனி பிளக் ஒன்று இருந்தால் பிரச்சினை முடிந்தது. காலையில் போனால் பின்னேரம்வரை நிற்பீர்கள்தானே, அதற்குள் திரும்பிவரத் தேவையானது ஏறிவிடும். போகும்போதுதான் கவனம் வேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று அடிக்கும். பளை தாண்டி ஆனையிறவில் ஏறினால் இரண்டு பக்கமும் வெளி, மறைப்புக்கு ஒரு பனைகூடக் கிடையாது. காற்று முகத்துக்கு நேரே வரும், மிச்ச வீதம் கண்ணுக்கு முன்னால் கடகடவென்று இறங்கும். அந்த இடத்தில் 50, 55இல் போங்கள். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் ஓரம் விட்டுக் கொடுங்கள். திரும்பும்போது அதே காற்று முதுகில் இருக்கும், ஆகவே வரும்போது மிஞ்சும்.

வவுனியாவுக்கும் கொழும்புக்கும் இந்தக் காரில் போக வேண்டாம். ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது, அவசரம் என்றால் தம்பியைப் போல ஹயர் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு நாளுக்காக மிச்ச நாளெல்லாம் பெற்றோலுக்குக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளை விற்காதீர்கள்.

தென்மராட்சி ரீச்சர்:
இரண்டு பேருக்கும் நன்றி. இன்றைக்கு அயல்வீட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் லீஃப் ஸ்பை பார்த்தோம். எஸ்ஓஎச் 68 காட்டுகிறது. கோடுகள் ஏறக்குறைய ஒரே மட்டம், அழுத்தி ஓடியும் பார்த்தோம், தனியாக ஒன்றும் விழவில்லை. அக்காவும் பிளக் போட்டுத் தாறன் என்கிறா. இனி வீட்டில் சார்ஜ் போடுவதைப் பற்றிச் சொல்லுங்கள். குசினிக்குப் பக்கத்தில் இருக்கும் 13 அம்பியர் பிளக்கிலிருந்து எக்ஸ்ரென்சன் வயர் இழுக்கலாமா? கறண்ட் பில் எவ்வளவு கூடும்?

நெல்லியடியான்:
எக்ஸ்ரென்சன் வேண்டவே வேண்டாம் ரீச்சர். 13 அம்பியர் பிளக்கும் வேண்டாம். மா அரைக்கிற மெசின் பத்து நிமிசம் ஓடும், இது நாலு மணித்தியாலம் விடாமல் இழுக்கும். சதுர ஊசிகளைச் சுற்றிப் பிளாஸ்ரிக் முதலில் மண்ணிறமாகும், பிறகு மணக்கும், அதற்குப் பிறகு உருகும். மெயின் போட்டிலிருந்து தனி வயர், 4 சதுர மில்லிமீற்றர், தனி பிரேக்கர், காரின் சார்ஜைத் தாங்கும் தனி பிளக். எர்த் கட்டாயம், அது சரியில்லாவிட்டால் யப்பான் சார்ஜ் வயர் பல நேரம் வேலையே செய்யாது. நல்ல எலக்ரீசியனைப் பிடியுங்கள். முதல் நாள் ஒரு மணித்தியாலம் போட்டுவிட்டுப் பிளக்கில் கையை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு பரவாயில்லை, கை பொறுக்காத சூடு என்றால் நிற்பாட்டுங்கள்.

58 கிலோமீற்றருக்குச் சுவரிலிருந்து 11 அலகு எடுக்கும் என்று வையுங்கள். 20 பள்ளிநாளுக்கு 220. வீட்டுப் பாவனை 90 என்றால் எல்லாமாக 310. வீட்டுக் கட்டணத்தில் மாதம் 180க்கு மேல் போகும் அலகுகள்தான் ஆகக் கூடிய விலை, ஆகவே பில் இரட்டிப்பாவதோடு நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அதைவிடக் கூடும். மின்சார சபையில் நேரத்துக்கேற்ற கட்டண முறை இருக்கிறது, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைவு. உங்கள் இணைப்புக்கு அதைத் தருவார்களா என்று கந்தோரில் கேளுங்கள். கூரையில் சோலார் போடும் எண்ணம் இருந்தால் இந்தக் காரையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

பின்னேரம் வந்த சூட்டோடு செருகாதீர்கள். ரைமர் இருக்கிறது, விடியப்புறம் முடியும்படி வையுங்கள், பற்றரிக்கு அதுதான் நல்லது.

அப்புறம் விலை. 68 என்பது 8 பாருக்குக் கிட்ட நிற்கிறது, சில மாதத்தில் ஒரு பார் அணையும். 7 பாருக்கு வரும் நாளில் உங்கள் 58 முட்டும். அதை விற்கிறவர் முகத்துக்கு நேரே சொல்லி, லீஃப் ஸ்பை படத்தையும் காட்டிப் பேரம் பேசுங்கள். அவர் 120 ஓடும் கார் என்ற விலையைக் கேட்கிறார், நீங்கள் 80 ஓடும் கார் என்ற விலையைக் கொடுங்கள். அதற்கு இறங்கி வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், கரவெட்டிப் பக்கம் 10 பாரில் ஒன்று விற்கப்போவதாகக் கேள்வி, விசாரித்துச் சொல்கிறேன்.