ரோஷ் ஆற்றோரம் குடிபோகலாமா? மழை, புயல், அன்றாட வாழ்க்கை

காரைக்கால் மகள் (சேன் தெனி):

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கே ரீயூனியன் தீவில், சேன் தெனி நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அடுத்த வருஷம் அப்பா காரைக்காலிலிருந்து எங்களோடு தங்க வருகிறார். அரசலாற்றங்கரையில் காலையும் மாலையும் நடந்து பழகியவர், நாலு சுவருக்குள் அடைபட்டு இருக்கமாட்டார். தீவின் கிழக்கே ரிவியேர் தெ ரோஷ் (ரோஷ் ஆறு) பக்கம், பிரா பனோன் ஊர் எல்லைக்குள் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. ஆகஸ்டில் போய்ப் பார்த்தோம். கரும்புத் தோட்டம், லிச்சி மரம், அடிக்கல் தெரிகிற தண்ணீர். பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது. ஆனால் வேலையிடத்தில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்: கிழக்கில் மழை விடாது, வீடெல்லாம் பூஞ்சை, புயல் வந்தால் ரோடு போய்விடும் என்று. அங்கே குடியிருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன். ஆற்றில் பிள்ளைகளை இறக்கலாமா? அப்பாவுக்குக் கோயில், ஆஸ்பத்திரி பக்கமா?

ஆற்றங்கரையார் (பிரா பனோன்):

தங்கச்சி, பல வருஷமாக இந்த ஆற்றுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவன் நான். தாராளமாக வாருங்கள். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஜனவரி, பிப்ரவரியில் நல்ல மழை நாளாகப் பார்த்து அதே வீட்டுக்கு இன்னொரு முறை போய் வாருங்கள். ஆகஸ்டில் இந்தப் பக்கம் எந்த வீட்டைப் பார்த்தாலும் பிடிக்கத்தான் செய்யும்.

மழை பற்றி உங்களிடம் சொன்னது பொய்யில்லை. கடல்காற்று கிழக்கிலிருந்து வந்து மலையில் முட்டி, சுமந்து வந்ததை எல்லாம் நம் தலையில்தான் கொட்டுகிறது. பக்கத்துச் சேன் பெனுவாவில் வருஷத்துக்கு 3,000 மி.மீ. தாண்டும். மேலே தாக்கமாக்காவில் 7,000 வரை போகும். மேற்கே சேன் ழில் பக்கம் ஆயிரம்கூட வராது. வனிலாவும் லிச்சியும் இங்கே செழிப்பதும் இதே மழையால்தான்.

பூஞ்சைக்கு வீட்டைத்தான் பார்க்க வேண்டும். சுவர் அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். புதிதாக வெள்ளையடித்திருந்தால் சுவரின் அடிப்பகுதியைக் கையால் தடவுங்கள், ஈரம் கையில் ஒட்டும். வீட்டுக்குள் குறுக்கே காற்று ஓட வேண்டும். அகலமான வராங்கு, அதாவது கூரை போட்ட தாழ்வாரம், இல்லாத வீடு வேண்டவே வேண்டாம். மழைக்காலம் முழுக்கத் துணி காய்வதும் அங்கேதான், அப்பா உட்கார்ந்து பேப்பர் படிப்பதும் அங்கேதான்.

இனி ஆறு. 2013இலிருந்து, பவளப்பாறைத் தடுப்புக்குள் ஆழமில்லாமல் இருக்கும் லகூனையும் காவல் உள்ள இடங்களையும் தவிர கடலில் குளிக்க, சுறாவுக்குப் பயந்து தடை. கிழக்குக் கரையில் லகூனே கிடையாது. அதனால் இங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் என்றால் ஆற்று மடுதான். பஸேன் லா பே அருவியைக் கட்டாயம் போய்ப் பாருங்கள், கறுப்புப் பாறை தூண் தூணாக நிற்கும். மெரி (நகராட்சி) தடை போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேல்காட்டில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். முதலில் இலையும் சுள்ளியும் மிதந்து வரும். அப்புறம் தண்ணீர் லேசாகக் கலங்கும். அதற்கடுத்து அடியில் கல் உருளும் சத்தம், தூரத்தில் லாரி போவதுபோல. சுள்ளியைப் பார்த்ததுமே கரையேறிவிட வேண்டும், சத்தம் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. செருப்பு மடுவோரம் கிடந்தால் கிடக்கட்டும், அதை எடுக்கத் திரும்பக் கூடாது. மலைப்பக்கம் கறுத்திருந்தால் அன்றைக்கு நான் யாரையும் தண்ணீரில் இறங்க விடமாட்டேன்.

காலில் புண் இருந்தாலும் இறங்க வேண்டாம். எலி மூத்திரத்தால் வரும் லெப்டோ காய்ச்சல் இந்தத் தீவில் உண்டு, மழைக்காலத்தில் கூடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் அடுப்பு மூட்டிக் கறி வைப்பதைப் பற்றி உங்களுக்கே தெரியும். நல்ல நிழல் வேண்டுமென்றால் விடியற்காலையில் ஆளை அனுப்பி இடம் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு நான் காட்ட விரும்புவது முகத்துவாரத்தில் பிஷீக் என்கிற மீன்குஞ்சு பிடிப்பதை. ஆற்றில் முட்டை பொரிந்து கடலுக்கு அடித்துக்கொண்டு போன குஞ்சுகள், விரல் நுனி அளவில் கூட்டமாகத் திரும்பி ஆறேறும். கல்லை அடுக்கி வாய்க்கால் கட்டி, அதன் வாயில் வூவ் என்கிற கூம்புக்கூடையை வைத்துப் பிடிப்பார்கள். கிலோ விலை தலையைச் சுற்றவைக்கும், ஆனால் வேடிக்கை பார்க்கக் காசு வேண்டாம். அரசலாறு பார்த்த மனுஷர் அங்கே மணிக்கணக்கில் நிற்பார்.

புயல்: 2024 ஜனவரி பெலால், 2025 பிப்ரவரி 28 கரான்ஸ், இரண்டுக்குமே உச்சகட்டமான ஊதா எச்சரிக்கை. அந்த நேரத்தில் தீயணைப்பு வண்டிகூடத் தெருவில் வராது. கரான்ஸுக்கு அப்புறம் தீவில் லட்சக்கணக்கானோருக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. டிசம்பருக்குள் தண்ணீர், அரிசி, பருப்பு, மருந்து, டார்ச் எல்லாம் வீட்டில் இருக்க வேண்டும்.

கோலோஸ் வீதி அக்கா (சேன் ஆந்த்ரே):

கோயிலைப் பற்றிக் கவலையே வேண்டாம் தங்கச்சி. சேன் ஆந்த்ரே பக்கத்து ஊர். கோலோஸ் கோயில் இருக்கிறது, வருஷ முடிவை ஒட்டித் தீமிதி, தைப்பூசத்துக்குக் காவடி. அப்பாவுக்குப் பேச்சுத்துணையும் கிடைக்கும், ஆனால் வயசானவர்கள்கூட இங்கே கிரெயோல் மொழியில்தான் பேசுவார்கள். தமிழில் பேச ஒருவர் கிடைத்தால் எங்களுக்கும் சந்தோஷம். பெரிய ஆஸ்பத்திரி சேன் பெனுவாவில். பலத்த மழைக்கு அப்புறம் குழாயில் கலங்கல் வந்தால், குடிக்கலாம் என்று மெரி சொல்லும் வரை பாட்டில் தண்ணீர்தான். 2025இல் சிக்குன்குனியா பரவியபோது எங்கள் தெருவில் முட்டி வலி இல்லாத வீடு குறைவு. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

காரைக்கால் மகள்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். அந்த வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு ரதியே இருக்கிறது. நாங்கள் போனபோது காய்ந்து கிடந்தது. அது பிரச்சினையா?

ஆற்றங்கரையார்:

அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்! ரதியே என்பது வெள்ளம் மேலே ஓடும் என்று தெரிந்தே போட்ட தரைப்பாலம். தண்ணீர் ஏறினால் மூடிவிடுவார்கள். காரோடு கடக்கப் பார்த்து அடித்துக்கொண்டு போனவர்கள் இந்தத் தீவில் உண்டு. அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்தால் எந்த வழியாகக் கொண்டுபோவீர்கள்? வேறு வழி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்காமல், பக்கத்து வீட்டில் கேளுங்கள். வேறு வழி இல்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், மேட்டுப் பக்கம் பார்க்கலாம். அங்கிருந்தும் ஆற்றுக்கு நடந்தே வரலாம்.

இன்னொன்று, மெரிக்குப் போய் அந்த மனைக்கு உரிய வெள்ள அபாய வரைபடத்தைக் கேளுங்கள். அபாயம் அதிகமான சிவப்புப் பகுதியா, குறைவான நீலமா என்று காட்டுவார்கள். விற்பவரும் அபாய விவரத் தாளைத் தர வேண்டும் என்பது சட்டம். பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போகும் வரை பொறுக்காமல் இப்போதே வாங்கிப் படியுங்கள். மனை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் மெரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.