வால்வு கிளாண்ட் கசிவு: அணு உலையில் எப்படி அடக்குகிறார்கள்?

பிறை_ஃபிட்டர்: இங்க பினாங்கு பக்கம் நீராவி வால்வுக்குப் பேக்கிங் (ஸ்டெம்ங்கிற வால்வுத் தண்டைச் சுத்திக் கசிவை அடைக்கிற வளையங்கள்) மாத்துற வேலை. கிளாண்ட் (பேக்கிங்கை மேல இருந்து அமுக்குற பாகம்) சொட்டினா நட்டைக் கால் சுத்து இறுக்குவோம், மறுபடி சொட்டும். அணுமின் நிலையத்துல அப்படி விட முடியாதே, அங்க என்ன செய்றாங்க?

கிராஃபைட்: பேக்கிங்கைச் சரியா உட்கார வைக்காம இறுக்கினா அப்படித்தான் தம்பி. அஞ்சு வளையம் போதும்: மேலேயும் கீழேயும் பின்னல் கார்பன், நடுவுல அச்சுல அழுத்தின கிராஃபைட் வளையம் மூணு. ஸ்டஃபிங் பாக்ஸ், அதாவது பேக்கிங் உட்கார்ற குழி, ஆழமா இருக்குன்னு பத்து வளையம் திணிச்சா, மேல தர்ற அழுத்தம் உராய்விலேயே கரைஞ்சிடும், அடி வளையத்துக்குப் போய்ச் சேராது. மிச்ச ஆழத்துக்குக் கார்பன் புஷ் (கெட்டியான உருளை) போடுங்க.

வளையத்தை ஒவ்வொண்ணா அமுக்கி இறக்கணும், வெட்டு வாய் ஒண்ணுக்கு மேல ஒண்ணு வரக்கூடாது. டார்க் ரெஞ்சுல (இறுக்கத்தை அளந்து இறுக்குற ஸ்பானர்) இறுக்கி, ஸ்டெம்மை முழுசா ஏத்தி இறக்கிட்டு மறுபடி டார்க் பாருங்க. நட்டு நகர்ந்தா கிராஃபைட் இன்னும் படியலைன்னு அர்த்தம். நகராத வரைக்கும் திரும்பச் செய்யணும். அதுக்கு முன்னாடி ஸ்டெம்ல நகத்தை ஓட்டிப் பாருங்க. கீறல் தட்டுச்சுன்னா புதுப் பேக்கிங் வீண்.

பெனாங்கு_மெக்கானிக்கல்: அண்ணன் சொன்னதோட ஒண்ணு: கிளாண்ட் ஸ்டட்டுல (நட்டு ஏறுற போல்ட்) ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யுற கிண்ண வாஷரை அடுக்காப் போடணும். பேக்கிங் தேய்ஞ்சு குறையக் குறைய அந்த வில்லு அழுத்திக்கிட்டே இருக்கும். துளி கூட வெளிய வரக்கூடாத சின்ன வால்வுக்கு பெல்லோஸ் சீல் (ஸ்டெம்மைச் சுத்தி மூடுற மடிப்பு மடிப்பான உலோக உறை). டெஃப்லான் வேண்டாம், கதிர்வீச்சுல நொறுங்கிடும்.

அழுத்த நீர் உலையில (தண்ணியைக் கொதிக்க விடாம அதிக அழுத்தத்துல ஓட்டுற அணு உலை) தண்ணியோட போரிக் அமிலம் கலந்திருக்கும். கசிஞ்சா தண்ணி ஆவியாகி வெள்ளை உப்பா பூத்து நிக்கும். துடைச்சிட்டுப் போயிடக்கூடாது, கார்பன் ஸ்டீல் போல்ட்டை அரிச்சிடும். 2002-ல அமெரிக்காவுல ஒஹையோவுல டேவிஸ்-பெஸ்ஸி உலை மூடியில 15 செ.மீ.க்கு மேல தடிமனான எஃகையே அது தின்னிருந்துச்சு. அங்க கசிஞ்சது வால்வு இல்ல, விரிசல் விட்ட முனைக்குழாய்.

சீட்_லீக்: உள்கசிவை, அதாவது மூடின வால்வுக்குள்ளேயே கசியுறதை, மறந்துட்டீங்களே. வால்வு மூடியிருக்கும்போது வெளியேறும் குழாய் சூடா இருந்தா சீட் (வால்வு மூடும்போது அடைப்பு வந்து பதியுற இடம்) விடுதுன்னு அர்த்தம். 1979-ல அமெரிக்காவோட திரீ மைல் ஐலண்ட் அணு உலையில ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினா திறந்து விடுற வால்வு) மூடாம சிக்கிக்கிச்சு. குழாய் சூடு காட்டத்தான் செஞ்சது. ஏற்கெனவே அங்க கசிவு இருந்ததால சூட்டை யாரும் பெருசா எடுத்துக்கல. கட்டுப்பாட்டு அறைப் பலகையில இருந்த விளக்கு காட்டினது மூடச்சொல்லிக் கட்டளை போனதை மட்டும்தான்.

பிறை_ஃபிட்டர்: நன்றிண்ணே. எங்க பழைய வால்வுல வாஷர் அடுக்கு ஏத்தலாமா?

கிராஃபைட்: ஸ்டட் நீளம் பத்தாது, நீளமானதா மாத்தணும். ஓடுற லைன்ல கை வைக்காதீங்க, ஷட்டவுனுக்கு எழுதிக் கொடுங்க.