பழவேற்காடு: ஏரியை முறை வைத்துப் பங்கிடும் ஊர்

சென்னைக்கு வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காட்டுக்குச் சென்று வருகிறவர்கள் பெரும்பாலும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நுழைவாயிலில் செதுக்கியுள்ள எலும்புக்கூடுகள் யாருக்கும் எளிதில் மறக்காது என்பது உண்மைதான். 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையின் வணிகத்தை இங்கிருந்தே நடத்தினார்கள். துணி மூட்டைகளோடு அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் அந்தக் கல்லறைகளின் முன்னால் நினைத்துப் பார்க்க வேண்டும்.

என்னை அந்த ஊரோடு பிணைத்தது பாடு முறைதான். ஏரியில் இறால் அகப்படும் நீர்ப்பரப்பைப் பாடுகளாகப் பிரித்து, எந்தக் குப்பத்தார் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்பதை முறை வைத்து, சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்கிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே தலைமுறைகளாக இருந்துவருகிறது. கரையில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, கையிலிருந்த ஊசியை நிறுத்தாமலே, “நல்ல பாடு ஒருத்தருக்கே போயிட்டா மத்தவங்க வீட்ல உலை கொதிக்க வேணாமா தம்பி?” என்றார்.

ஆனால் இந்த முறைக்குள் எல்லோருக்கும் இடமில்லை. இருளர் குடும்பங்கள் ஆழம் குறைந்த சேற்றில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறி என்னும் ஓலைக் கூடையில் போடுவதை நேரில் பார்த்தேன். அவ்வளவு நுணுக்கமான உழைப்புக்கும் பாடு முறையில் உரிமை இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால், எல்லை தண்ணீரின் மேலேதான் ஓடுகிறது. மீன் வாங்கும் இடத்தில் தமிழில் தொடங்கிய பேரம் தெலுங்கில் முடிந்ததைக் கேட்டேன். யாரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இரு மாநிலத்து மீனவர்களுக்கும் பொதுவான கவலை, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் அதன் வழியாகத்தான் ஏரிக்குள் வர வேண்டும். கோடையில் அது மணலடித்துத் தூர்ந்துவிட்டால் வரத்து நின்று, உள்ளே தேங்கிய நீரிலும் உப்பு ஏறிவிடுகிறது. அப்படிப்பட்ட ஆண்டில், சீட்டில் நல்ல இடம் விழுந்தவரும் வெறும் வலையோடுதான் கரையேறுவார் என்று அந்தப் பெரியவர் சொன்னார்.