ரோட்டுக்கு எடுத்த வீட்டில் யாரைக் குடிவைப்பது?

சேலம் டவுனிலிருந்து:

கட்டட மதிப்பீட்டு வேலையில் இருக்கிறேன். சாலைக்காக எடுக்கும் வீடுகளை அளந்து, வயது பார்த்து, தேய்மானம் கழித்து விலை போடுவோம். "எடுத்த வீட்டை இடிக்காமல் இல்லாதவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடலாமே" என்று பலரும் கேட்கிறார்கள். விடலாம். ஆனால் அதுவரைக்கும் அது வீடாக இருக்க வேண்டுமே!

உளுந்தூர்ப்பேட்டை சாலைப் பக்கம் ஒரு பெரியவர். அவார்டு (இழப்பீட்டு உத்தரவு) பணம் கணக்கில் ஏறியதும் தேக்கு நிலையையும் கதவையும் பெயர்த்துவிட்டார். அப்புறம் ஜன்னல், ஓடு, மோட்டார், கடைசியில் சுவிட்ச் போர்டு வரைக்கும். "எப்படியும் பொக்லைன் விட்டு இடிக்கப் போறாங்க, இதை எதுக்குங்க விட்டுவைக்கணும்?" என்றார். இடிப்புச் சாமானை உரிமையாளர் எடுத்துக்கொள்வது எங்கும் நடப்பதுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில் வேலை தள்ளிப்போயிற்று. கூரை இல்லாத சுவர்கள் இரண்டு மழைக்காலம் நனைந்தன. அதற்கு மேல் அங்கே யாரைக் குடிவைப்பது?

ஆகவே என் கட்சி இதுதான்: முடிவு அவார்டுக்கு முன்பே எடுக்க வேண்டும். வேலை தொடங்க நாளாகும் என்று தெரிந்தால், கதவு ஜன்னலுக்கும் தனியாக ஒரு விலை பேசி அப்படியே நிறுத்திவைக்கட்டும். சாவி கைக்கு வந்த மாதமே ஆள் குடிபோக வேண்டும். பூட்டிய வீட்டைப் போலச் சீக்கிரம் கெடுவது வேறில்லை.

பாதி அறுத்த வீடு வேறு கதை. முன்பக்கம் போனால் பல வீடுகளில் செப்டிக் டேங்கும் மாடிப்படியும் சேர்ந்து போய்விடும். பின்பாதி நன்றாகவே நிற்கும், கழிப்பறைக்குத்தான் வழி இருக்காது. அதைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விடுவது அநியாயம்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து:

அண்ணா, நாங்கள் வாடகைக்கு இருந்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. வீடு ரோட்டுக்குப் போனதும் ஓனருக்கு இழப்பீடு வந்தது, எங்களுக்கு அட்வான்ஸ் திரும்பி வந்தது, அவ்வளவுதான். கட்டடத்துக்கான காசில் வாடகைக்காரருக்குப் பங்கு ஏது? எதிர்வரிசையில் எடுத்த வீடு ஒன்று பூட்டியே கிடந்தது. ரோடு வரும்வரை தருவீர்களா, வாடகை கொடுத்துவிடுகிறோம் என்று அங்கே வந்த ஒரு அதிகாரியிடம் கேட்டேன். "உள்ளே விட்டுட்டா அப்புறம் உங்களை யாரும்மா எழுப்புறது?" என்று சிரித்தார். பள்ளிக்கூடம் பக்கத்தில் என்பதால்தான் கேட்டேன். இப்போது பிள்ளைகள் பஸ்ஸில் போகிறார்கள்.

பூலாவரியிலிருந்து:

எங்கள் பக்கம் 2018-இல் எட்டு வழிச்சாலைக்குக் கல் நட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கை செல்லும் என்றது. வீடு எங்களிடம்தான் இருக்கிறது, மேலே ஒரு அறை எழுப்பத்தான் துணிவு வரவில்லை.

என் மச்சான் அமெரிக்காவில் பாசடினா பக்கம் இருக்கிறான். அங்கே 710 நெடுஞ்சாலையை நீட்டுவதற்காகப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கலிஃபோர்னியா அரசு நூற்றுக்கணக்கான வீடுகளை வாங்கிவிட்டது. மக்கள் எதிர்ப்பு, வழக்கு என்று சாலை வரவேயில்லை. வீடுகளை அரசே வாடகைக்கு விட்டது, சில காலியாகவே கிடந்தன. 1979-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: விற்கும்போது, அதே வீட்டில் இன்னும் குடியிருக்கும் பழைய உரிமையாளருக்கு முதலிடம், வருமானம் குறைந்த குடித்தனக்காரருக்குக் கட்டுப்படியான விலை. சட்டம் இருந்தும் விற்பனை இழுத்துக்கொண்டே போனது. 2018-இல் சாலைத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2020 மார்ச்சில், கொரோனா பரவத் தொடங்கிய நேரம், எல் செரினோ என்ற பகுதியில் வீடில்லாத சில குடும்பங்கள் காலி வீடுகளுக்குள் தாங்களாகவே குடிபுகுந்தன. பிறகு நகர வீட்டுவசதி ஆணையம் சில வீடுகளை எடுத்துத் தற்காலிகக் குடியிருப்பாக நடத்தியது.

சட்டம் நம் ஊரிலும் இருக்கிறது. 2013 நில எடுப்புச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு, எடுத்த நிலம் ஐந்து ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தால் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ (பயன்படாத அரசு நிலங்களைக் கவனிக்கும் அமைப்பு) திரும்ப வேண்டும் என்கிறது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் எடுத்த நிலத்துக்கு 2013 சட்டத்திலிருந்து இழப்பீடும் மறுகுடியமர்வும்தான் பொருந்தும், இந்தப் பிரிவு பொருந்தாது.

சேலம் டவுனிலிருந்து:

அக்கா, அந்த அதிகாரியின் பயத்தை நானும் பார்த்திருக்கிறேன். காலி செய்யாவிட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான், காலியாகக் கிடந்து கூரை சரிந்தால் யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. அதனால் தனி ஆளிடம் சாவி கொடுக்கச் சொன்னால் எந்த அலுவலகமும் அசையாது. வீட்டுவசதி வாரியமோ மாநகராட்சியோ வீட்டைத் தன் பொறுப்பில் வாங்கி, பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, காலி செய்யும்போது மாற்று இடம் தருவதாகவும் எழுதிக் கொடுத்தால் நடக்கலாம். அந்தக் கடைசி வரி இல்லாத காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.