பி99-களைக் கூட்டி எஸ்எல்ஏ எழுதலாமா?

மெஷ்வாசி:
ஒன்றையொன்று அழைக்கும் சேவைக் கோர்வைக்கு எஸ்எல்ஏ, அதாவது சேவைத் தர ஒப்பந்தம், எழுதுவதைப் பெரிய வித்தை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். நேர்க் கணக்குதான். வரிசையாக 5 சேவை, ஒவ்வொன்றின் பி99-உம் (நூற்றில் 99 கோரிக்கை முடிந்துவிடும் நேரம்) 100 மில்லி செகண்ட். கூட்டினால் 500. "நூற்றில் 99 கோரிக்கை 500-க்குள் முடியும்" என்று தைரியமாக எழுதிக் கொடுக்கலாம். ஐந்தும் ஒரே நேரத்தில் படுத்துக்கொள்ளாது. அதனால் கூட்டுத்தொகை அதிகமாகக் காட்டுமே தவிர, குறைத்துக் காட்டாது.

கணக்குப்புலி:
"குறைத்துக் காட்டாது" என்ற வரியை முதலில் அழியுங்கள். சராசரியைக் கூட்டலாம். பி99-ஐக் கூட்ட முடியாது.

ஒரு சேவைக்கு 100 கோரிக்கை வருகிறது. 99-க்கு 10 மி.செ.; ஒன்று மட்டும் ஜிசி நிறுத்தத்தில் (நினைவகத்தைச் சுத்தம் செய்ய நிரல் நிற்கும் நேரம்) மாட்டி 2,000. அதன் பி99 வெறும் 10. இப்படி ஐந்தைக் கோர்த்தால் உங்கள் கூட்டல் 50 என்கிறது. ஆனால் ஐந்தில் ஒன்றிலாவது மாட்டும் வாய்ப்பு, 0.99-ஐ ஐந்து முறை பெருக்கி 1-இலிருந்து கழித்தால், 4.9%. அதாவது நூற்றில் ஐந்து பேர் 2 செகண்டைத் தாண்டுகிறார்கள். கோர்வையின் உண்மையான பி99 2,040. ஐம்பது எங்கே, இரண்டாயிரம் எங்கே?

மெஷ்வாசி:
இது கரும்பலகைக் கணக்கு. 2,000 வரை யார் காத்திருப்பார்கள்? ஒவ்வொரு ஹாப்பிலும், அதாவது ஒவ்வொரு சேவை அழைப்பிலும், 150-இல் டைம்அவுட் வைத்திருப்போம். வால், அதாவது மிக மெதுவான கோரிக்கைகள், அங்கேயே அறுந்துவிடும். வால் குட்டையாக இருந்தால் கூட்டுத்தொகை உண்மையைவிட அதிகமாகத்தான் வரும். மறுக்க முடியுமா?

கணக்குப்புலி:
வால் குட்டையாக இருந்து, சேவைகளும் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் அதிகமாக வரும். அந்த "இருந்தால்" உங்கள் முதல் பதிவில் எங்கே இருந்தது?

டைம்அவுட் ஆன கோரிக்கை மாயமாகிவிடாது. பிழையாகத் திரும்பினால் ஹாப்புக்கு 1% வீதம் அதே 4.9% தோல்வி. தாமதக் கணக்கிலிருந்து எடுத்துத் தோல்விக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவே. மறுமுயற்சி செய்தால் அந்த ஹாப்பில் 150 ஏற்கெனவே போய்விட்டது. அதன் மேல்தான் இரண்டாவது முயற்சியின் நேரம் ஏறும்.

லாக்படிப்பவள்:
மறுமுயற்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து சேவை என்றால் அவற்றுக்கு இடையே நான்கு தாவல். ஒவ்வொரு தாவலிலும் மொத்தம் 3 முயற்சி என்று வைத்திருந்தால், கடைசிச் சேவை விழும்போது ஒரு பயனர் கோரிக்கைக்கு அது வாங்கும் அடி 3×3×3×3 = 81. திணறிக்கொண்டிருப்பதை எழவிடாமல் அடிப்பது இதுதான். மறுமுயற்சியை ஒரே அடுக்கில் வையுங்கள். மொத்தக் கோரிக்கையில் 10%-ஐத் தாண்டக்கூடாது என்று வரம்பும் போடுங்கள். கிளையன்ட் லைப்ரரியும் சைடுகாரும் (சேவைக்குப் பக்கத்திலேயே ஓடும் பிராக்ஸி) தனித்தனியாக மறுமுயற்சி செய்வதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ரவுட்டர்ராசா:
ஆளாளுக்குத் தாமதம் என்று பேசுகிறீர்கள், ஒருவர்கூட நெட்வொர்க்கின் வரிசை மேலாண்மையைத் தொடவில்லை. பாக்கெட்டின் முன்னுரிமைக் குறியான டிஎஸ்சிபி-யில் இஎஃப், அதாவது 46, போட்டு முன்னுரிமை வரிசைக்கு அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். மென்பொருள்காரர்களுக்கு நெட்வொர்க் என்றாலே இளக்காரம்.

கணக்குப்புலி:
இளக்காரம் இல்லை, ராசா. பாக்கெட் அரை மில்லி செகண்டில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கோரிக்கை காத்துக் கிடப்பது சேவைக்குள், த்ரெட் பூல் வரிசையிலும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலிலும். அங்கே 46 என்ன செய்யும்? உங்கள் எல்லையைத் தாண்டியதும் அடுத்த நெட்வொர்க் அந்தக் குறியைப் பூஜ்யமாக்கிவிட்டால் அதுவும் போச்சு.

ரவுட்டர்ராசா:
ஸ்விட்ச் பஃபர் நிரம்பிப் பாக்கெட் விழுந்தால், டிசிபி டைம்அவுட் ஆகி மறுபடி அனுப்ப லினக்ஸில் இயல்பாகக் குறைந்தது 200 மி.செ. ஆகும். உங்கள் பி99 எங்கிருந்து வருகிறது என்று அங்கே போய்த் தேடுங்கள். அரை மில்லி செகண்டாம்!

மெஷ்வாசி:
என் கேள்விக்கு வாருங்கள். எங்கள் டாஷ்போர்டில் கோர்வையின் பி99 ஒருநாளும் கூட்டுத்தொகையைத் தாண்டியதில்லை.

லாக்படிப்பவள்:
அந்த டாஷ்போர்டு பாட் (சேவையின் ஓடும் நகல்) வாரியான பி99-களைச் சராசரி எடுக்கிறதா? அப்படியென்றால் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. அளவீட்டுக் கருவியான பிராமிதியஸில், ஒவ்வொரு நகலும் பி99-ஐத் தானே கணக்கிட்டுத் தரும் சம்மரி வகையை இப்படிச் சேர்க்கவே முடியாது. ஹிஸ்டோகிராமின் பக்கெட்களை (நேர இடைவெளி வாரியான எண்ணிக்கைகளை) கூட்டிவிட்டு, அதன் பிறகு பி99 எடுக்க வேண்டும். பக்கெட் எல்லைகள் 100, 500 என்று அகலமாக இருந்தால், வருவது நடுவில் கோடு போட்டு ஊகித்த எண்தான்.

மெஷ்வாசி:
முன்பு வேறொரு இழையிலும் நீங்கள் இதே கூட்டணிதான். கூட்டக்கூடாது, கூட்டக்கூடாது என்கிறீர்களே, வேறு எப்படி எழுதுவது?

கணக்குப்புலி:
ஒவ்வொரு சேவையின் பி99.8-ஐ 100-க்குள் கொண்டு வாருங்கள். ஐந்து முறை 0.2% என்றால் 1%. அப்போதுதான் கோர்வையின் பி99 500-க்குள் என்று உறுதி சொல்லலாம். சேவைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும் கவலையில்லை. பி99 மட்டுமே 100 என்றால், 500-க்கு எந்த நிலையிலும் உத்தரவாதம் தரக்கூடியது பி95 மட்டும். இணையாக 100 சேவைகளை அழைத்தால் நிலைமை இன்னும் மோசம்: 63% பேருக்கு ஒன்றாவது மெதுவானது கிடைக்கும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இலேயே எழுதிக் காட்டிய கணக்கு இது.

ஹாப்புக்கு ஹாப் 150 என்பதையும் விடுங்கள். நுழைவாயிலில் 500 என்று டெட்லைன் போட்டு, மீதியை மட்டும் கீழே அனுப்புங்கள். 320 செலவானால் அடுத்தவருக்கு 180. சேவைகள் ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி-யில் ஜாவாவும் கோவும் இதைத் தாமாகவே கடத்தும். சி++-இல் நீங்கள்தான் இயக்க வேண்டும். இல்லையென்றால் அழைத்தவர் கிளம்பிப் போன பிறகும் கீழே வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

மெஷ்வாசி:
பி99.8 அளக்க எத்தனை கோரிக்கை வேண்டும் தெரியுமா? நிமிடத்துக்கு 1,000 வரும் சேவையில் வாலில் மிஞ்சுவது இரண்டே இரண்டு. அதை வைத்து அலர்ட் போடுவீர்களா? பி99-ஐக் கூட்டுவதுதான் நடைமுறை.

கணக்குப்புலி:
நிமிடக் கணக்கில் ஏன் அளக்கிறீர்கள்? ஒரு மணி நேர ஹிஸ்டோகிராம் எடுத்தால் வாலில் 120 கிடைக்கும். எப்படி அளந்தாலும் பி99-ஐக் கூட்ட முடியாது.

ரவுட்டர்ராசா:
அந்த 200 மி.செ. பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மெஷ்வாசி:
எங்கள் எஸ்எல்ஏ-வில் 500 என்றே இருக்கும்.